அந்தச் சிரிப்பு நம் வீட்டுச் சிரிப்பு இல்லை, ரேவதி

என் கண்ணான ரேவதிக்கு,

நீ போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. நீ பார்த்துக்கொண்டிருந்த வேலையை இப்போது நான் பார்க்கிறேன். சென்னைக் கம்பெனிக்காரர்கள் முதலில் நம்பவில்லை. "பத்தாவது ஃபெயில்னு சொல்றீங்க. இங்கிலீஷ் நிகழ்ச்சிக்குத் தமிழ் வரி எப்படிம்மா எழுதுவீங்க?" என்று அந்தப் பெண் போனில் கேட்டாள். ஒரு எபிசோடு அனுப்பிப் பாருங்கள் என்றேன். இரண்டே நாளில் முடித்துக் கொடுத்தேன். "ரேவதி மேடம் எழுதின மாதிரியே இருக்கு" என்றாள். போனை வைத்துவிட்டு சாமி படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். அழுகைதான் வந்தது.

இந்த வருஷம் வந்ததில் பார்க்கத் தகுந்தவை இரண்டு. உனக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வேன்? ஒன்று டாகுமென்டரி. ஸ்காட்லாந்து பக்கம் ஒரு தீவு, மொத்தமே ஆறு பேர். அதில் இரண்டு கிழவர்கள் முப்பது வருஷமாக ஒருவரோடொருவர் பேசுவதில்லை. ஆனால் புயல் அடித்தால் ஒருவர் படகை இன்னொருவர் இழுத்துக் கட்டுகிறார். அவ்வளவுதான் கதை, கண்ணை எடுக்க முடியவில்லை. இன்னொன்று நாடகம். ஆட்டுப்பட்டிகளுக்கு நடுவே முட்டிவலியோடு நடக்கிற ஒரு போலீஸ்காரி, வீடு வீடாக டீ குடித்தே கொலைகாரனைக் கண்டுபிடிக்கிறாள். யாரையும் அதட்டுவதில்லை. சர்க்கரை வேண்டாம் என்கிறாள், பிறகு எதிரில் இருப்பவர் பேசும்வரை சும்மா இருக்கிறாள். உனக்கு அவளை ரொம்பப் பிடித்திருக்கும்.

ஒரு காமெடியும் வந்தது. திறக்காமலே திருப்பி அனுப்பிவிட்டேன்.

இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன், ரேவதி. கோபித்துக்கொள்ளாதே. உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயமாக வைத்திருந்ததால்தான் நீ செத்தாய்.

படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ரேவதி என் கொழுந்தன் சேகரின் மனைவி, எனக்கு ஓரகத்தி. உத்திரமேரூரில் மாமனார் கட்டிய வீட்டை நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர் எழுப்பி இரண்டாகப் பிரித்திருக்கிறோம். இந்தப் பக்கம் நானும் என் வீட்டுக்காரரும். அந்தப் பக்கம் தம்பி. பின்னால் கிணறும் துவைக்கிற கல்லும் இரண்டு பக்கத்துக்கும் பொது. ஒற்றைச் செங்கல் சுவரில் ஒருவர் தும்மினால் அடுத்த பக்கம் கேட்கும். இதை மட்டும் மறக்காமல் மேலே படியுங்கள்.

நீ காவாந்தண்டலத்திலிருந்து மருமகளாக வந்த மூன்றாவது நாளே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் கூடத்துக்கு வந்துவிட்டாய், நினைவிருக்கிறதா? நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"இன்னாடி இது, கல்யாணமாகி மூணு நாள் கூட ஆவல, வெள்ளக்காரன பாத்துக்கினு கீற?"

"இதான் அக்கா என் வேலை. அவங்க பேசறத தமிழ்ல கீழ எழுதணும். காது கேக்காதவங்களும் பாப்பாங்க இல்ல, அவங்களுக்காக சத்தத்தையும் எழுதணும். 'கதவு அறைபடும் ஓசை', 'தொலைவில் நாய் குரைப்பு', இந்த மாதிரி."

"கதவ யாரு அறஞ்சா, எதுக்கு அறஞ்சான்னும் எழுதணுமா?"

"அய்ய, அதெல்லாம் கூடாது. சத்தம் மட்டும்தான். ஏன்னு பாக்கறவங்களே புரிஞ்சிப்பாங்க."

அப்படித்தான் ஆரம்பித்தது. பகலில் ஆண்கள் வெளியே போனதும் நீ பென் டிரைவை என் டிவியில் செருகுவாய். கீழே இங்கிலீஷ் ஓடும், அதை நீ வாய்விட்டுப் படிப்பாய், நான் கூடவே படிப்பேன். ஆறே மாதத்தில் எனக்கு எழுத்துக் கூட்டாமல் படிக்க வந்துவிட்டது. ஒரு காமெடியில் கிழவன் ஒருவன் மருமகனைத் திட்டுவான். "முட்டாளேன்னு போடலாமாக்கா?" என்று கேட்டாய்.

"அவன் மூஞ்சியப் பாருடி. அதுக்கு முட்டாளே பத்துமா? சோமாறின்னு போடு."

போட்டாய். 'பொதுத் தமிழில் எழுதவும்' என்று கம்பெனியிலிருந்து திரும்பி வந்தது. நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "அக்கா, வெள்ளக்காரன நம்ம ஊர்க்காரனா ஆக்கிட்ட, அவங்களுக்கு பேஜாரா பூட்ச்சி!"

உனக்குத்தான் தெரியுமே, எனக்கு எதையும் எழுதி வைக்காமல் இருப்புக்கொள்ளாது. கோயில் விளக்கு முறையிலிருந்து கேஸ் சிலிண்டர் மாற்றிய நாள் வரைக்கும் நோட்டில் இருக்கும். இதற்கும் ஒரு நோட்டுப் போட்டேன். நிகழ்ச்சியின் பெயர், டாகுமென்டரியா நாடகமா காமெடியா, எத்தனை எபிசோடு, பார்க்கலாமா வேண்டாமா என்று ஒரு வரி. 'நரிக் குட்டிகள், பார்க்கலாம், மூன்றாவதில் ஒரு குட்டி சாகும்.' 'பழைய வீட்டைப் புதுப்பிக்கும் தம்பதி, பொறுமை வேண்டும்.' நீ அதைப் படித்துவிட்டு, "நாடு பூரா விமர்சனம் எழுதறவங்கள விட நீ தேவல" என்பாய்.

ஒருநாள் நாடகத்தில் ஒருவன் மனைவியை அறைந்தான். நம் சீரியலாக இருந்தால் ஒரு அறைக்கு மூன்று தடவை இடி இடிக்கும், முகத்தை நாலு பக்கத்திலிருந்து காட்டுவார்கள். அங்கே அறைந்த சத்தம் மட்டும்தான். இசை கிடையாது. பிறகு அவள் எழுந்து போய்த் தண்ணீர் கொதிக்க வைத்தாள். "இதான் அக்கா நெஜம். இப்டித்தான் இருக்கும்" என்றாய் நீ. உனக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. உனக்குக் கல்யாணமாகி அப்போது எட்டு மாதம்.

அடுத்த வாரமே எனக்கும் தெரிந்துவிட்டது. ஆடி வெள்ளி. விளக்கு வைக்கிற நேரம். திரியைத் தூண்டிக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் சேகரின் குரல் கேட்டது. "எவன்கிட்டடி போன்ல பல்லக் காட்டிக்கினு இருந்த?" நீ ஏதோ சொன்னாய், அது கம்பெனிக்காரர் என்பதாக இருக்கும். பிறகு அடி விழுந்தது. கன்னத்தில் அறைவதற்கும் முதுகில் குத்துவதற்கும் சத்தம் வேறு வேறு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. எதிர்வீட்டுப் பங்கஜம்மா வாசலில் இரண்டு விருந்தாளிகளோடு நின்று பேசிக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்தார்.

"தெருவுல ஆளுங்க கீறாங்க. டிவிய ஏத்து."

நான் ஏற்றினேன். தீக்குச்சியைக் கீழே போட்டுவிட்டு ரிமோட்டை எடுத்தேன். நீ பகலில் விட்டுப்போன காமெடி ஓடிக்கொண்டிருந்தது. கடலோர ஊரில் சலவைக் கடை வைத்திருக்கும் அண்ணன் தங்கை கதை. தங்கை ஒரு வார்த்தை சொன்னால் போதும், அங்கே ஸ்டூடியோவில் உட்கார்ந்து பார்க்கிற நூறு பேர் கொல்லென்று சிரிப்பார்கள். இருபதில் இருந்ததை நாற்பதுக்குக் கொண்டு போனேன். உன் குரல் அதற்குள் முங்கிப் போயிற்று.

அன்று நோட்டில் அந்த எபிசோடுக்கு எதிரில் ஒரு புள்ளி வைத்தேன். எதற்கு வைத்தேன் என்று அப்போது தெரியவில்லை.

பிறகு அது பழக்கமாகிவிட்டது. சேகர் ஜேசிபி ஓட்டிவிட்டு வண்டிச் சாவியை எப்படி வீசுகிறான் என்பதிலேயே எனக்குத் தெரியும். சாவி ஆணியில் மாட்டினால் நல்ல நாள். தரையில் விழுந்தால் நான் ரிமோட்டைத் தேடுவேன். எது உதவும், எது உதவாது என்றும் கற்றுக்கொண்டேன். டாகுமென்டரி உதவாது, அதில் பாதி நேரம் காற்றும் தண்ணீரும்தான். நாடகம் சுத்தமாக உதவாது. முக்கியமான இடத்தில் எல்லோரும் பேசாமல் நிற்பார்கள், நீ கத்துவது அந்த இடைவெளியில் வந்து விழும். சிரிப்பு உள்ள காமெடி மட்டும்தான் முழுசாக மூடும். சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த சிரிப்பு வந்துவிடும். பார்க்கத் தகுந்தவை என்று நோட்டுப் போட்டவள் நான். அந்த நோட்டிலேயே உன் மேல் விழுகிற அடிக்கு எந்த நிகழ்ச்சி தகுந்தது என்று தரம் பிரித்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் நீ வருவாய். உதடு வீங்கியிருக்கும், முடியை இந்தப் பக்கமாக இழுத்து விட்டிருப்பாய். ஒருமுறை வந்து உட்கார்ந்ததும் சொன்னாய்:

"நேத்து மூணாவது எபிசோடுதானே போட்ட? அந்த இஸ்திரிப் பெட்டி ஜோக்குக்கு நான் சிரிப்புன்னு எழுதாம வுட்டுட்டேன்கா. அடி வாங்கச்சொல்லதான் ஞாபகம் வந்துச்சி."

நான் தட்டில் இட்லி வைத்தேன். வேறு என்ன செய்தேன்? ஒன்றுமில்லை.

"எதுக்குக்கா டிவிய அப்டி வைக்கிற?"

"ஊரு கேட்டா உனக்குத்தான்டி அசிங்கம்."

"எனக்கா?" என்றாய். அந்த ஒரு சொல்தான். இட்லியைப் பிட்டபடி கேட்டாய். நான் சட்னி எடுத்து வர உள்ளே போய்விட்டேன்.

நான் சும்மா இருந்துவிடவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஒன்பது செவ்வாய் ராகு காலத்தில் துர்க்கைக்கு எலுமிச்சம்பழ விளக்கு போட்டேன், சேகரின் கோபம் தணிய வேண்டும் என்று. அவள் கையில் அத்தனை ஆயுதம் இருக்கிறது. அசுரன் நெஞ்சில் சூலத்தை இறக்கியபடி நிற்கிறாள். அவள் முன்னால் நின்று நான் கேட்டது, அசுரனுக்குக் கோபம் குறைய வேண்டும் என்று. அவள் என்னைப் பார்த்து என்ன நினைத்திருப்பாள்?

கடற்பறவை டாகுமென்டரி பார்த்த மதியம் உனக்கு நினைவிருக்கும். பாறை விளிம்பில் கூடு, இரண்டு குஞ்சுகள். பெரிய குஞ்சு சின்னதைத் தலையிலேயே கொத்துகிறது. தோல் உரிந்து சிவப்பாகத் தெரிகிறது. தாய்ப்பறவை ஒரு முழம் தள்ளி நின்று சிறகைக் கோதிக்கொண்டிருக்கிறது. சொல்கிறவரின் குரலும் ஏறவில்லை, இறங்கவில்லை. எனக்குத் தாங்கவில்லை.

"கேமராவ வச்சிக்கினு எதிர்லயே நிக்கிறானே, ஒரு கையால அத்த எடுத்து அப்பால வைக்க மாட்டானா?"

"அது அவங்க ரூலுக்கா. நடக்கறதுல கை வைக்கக் கூடாது. பதிவு மட்டும்தான் பண்ணணும்."

"இன்னா எழவு ரூலோ" என்றேன்.

நீ திரும்பி என்னையே பார்த்தாய். கோபமாக இல்லை. ஏதோ கேட்கப் போகிறாய் என்று நினைத்தேன். நீயோ குனிந்து தட்டினாய்: 'குஞ்சின் கீச்சொலி. பிறகு காற்று.'

உன் கடைசி நாள். இதை எழுதத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் நாலரை மணி. ஜேசிபி பழுதாகி சேகர் சீக்கிரம் வந்துவிட்டான். சென்னைக்கே வந்து ஆபீசில் வேலை பார்க்கக் கூப்பிடுகிறார்கள், போகப் போகிறேன் என்று நீ அவனிடம் சொன்னாய். என்னிடம் காலையிலேயே சொல்லியிருந்தாய், முகமெல்லாம் சிரிப்பாக. "ஆஸ்டல் கீதாம்க்கா. நீயும் வந்து ஒரு வாரம் தங்கு." நான்தான், அவனிடம் பக்குவமாகச் சொல் என்றேன்.

சாவி தரையில் விழுந்தது. நான் காமெடியைப் போட்டு ஏற்றினேன். நீ சொல்லிக் கொடுத்தபடியே எழுதுகிறேன். சத்தம் மட்டும்.

பாத்திரம் உருளும் ஓசை.

பெண் குரல்: "வுடு. வுடுன்றேன்ல."

பின்கதவு சுவரில் மோதும் ஓசை.

தரையில் ஏதோ இழுபடும் ஓசை.

பெண் குரல்: "அக்கா!"

கல்லில் மோதும் ஓசை.

பார்வையாளர் சிரிப்பு.

மீண்டும் கல்லில் மோதும் ஓசை.

பார்வையாளர் சிரிப்பு, நீண்டது.

எபிசோடு முடிய ஏழு நிமிடம் இருந்தது, ரேவதி. முடிந்த பிறகுதான் நான் பின்கட்டுக்குப் போனேன். நடுவில் போனால் சேகருக்கு என் மேலும் கோபம் வரும் என்று இருந்துவிட்டேன். துவைக்கிற கல்லின் முனையில் உன் முடி ஒட்டிக்கொண்டிருந்தது. சோப்புத் தண்ணீரில் ரத்தம் கலந்து கிணற்றடிக்கு ஓடியது. ஒரு காதிலிருந்தும் வந்துகொண்டிருந்தது. அவன் வாளியால் கல்லின் மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். முதலில் கல்லைத்தான் கழுவினான்.

"வழுக்கி வியுந்துட்டா, அண்ணி" என்றான். நான் கேட்கவே இல்லை. அவனாகச் சொன்னான்.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் மூச்சு மட்டும் ஓடியது. கண் திறக்கவில்லை. கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகாத பெண் என்பதால் ஆர்.டி.ஓ. விசாரணை வைத்தார்கள். பக்கத்து வீட்டில் இருந்தது நான் ஒருத்திதான், என்னைக் கேட்டார்கள். "துணி துவைக்கச்சொல்ல சோப்புத் தண்ணில வழுக்கி வியுந்துட்டா" என்றேன். சண்டை சச்சரவு உண்டா? "இல்ல சார்." நான் சொன்னதைத்தான் எழுதினார்கள், கையெழுத்துப் போட்டேன். வெளியே உன் அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நீ பெத்தவ மாதிரி பாத்துக்கினன்னு எம் பொண்ணு சொல்லும்மா. நீ சொன்னா நான் நம்புறேன்." அந்தக் கையை நான் உதறியிருக்க வேண்டும். தடவிக் கொடுத்தேன்.

இப்போது போன மாதத்துக்கு வருகிறேன். சேகருக்குத் தாமலில் ஒரு பெண் பார்த்திருக்கிறார்கள். சின்னப் பெண், அப்பா இல்லை. வீடு பார்க்க அவள் அம்மாவும் தாய்மாமனும் வந்தார்கள். நம் பக்கத்து வழக்கம்தான் உனக்குத் தெரியுமே. பெண் கொடுப்பவர்கள் மாப்பிள்ளை வீட்டில் காப்பி குடித்துவிட்டு, காலார நடப்பதுபோல எதிர்வீட்டுக்குப் போய் ஒரு சொம்பு தண்ணீர் கேட்பார்கள். தண்ணீர் குடிக்கிற சாக்கில் விசாரிப்பார்கள். எதிர்வீட்டுச் சொல்தான் கடைசிச் சொல்.

மாமன் சேகரோடு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா பங்கஜம்மா வீட்டுக்குப் போய்விட்டு, அவளையும் கூட்டிக்கொண்டு நேராக என் கூடத்துக்கு வந்தாள். ஒல்லியான பெண்பிள்ளை. முகத்தில் பாரம் இறங்கிய தெளிவு.

"எதிர்வூட்டம்மா வயித்துல பால வாத்துச்சிம்மா. ரெண்டாந்தாரமாச்சேன்னு பயந்துக்கினே வந்தேன். உங்க வூட்ல எப்பவும் சிரிப்பாமே?"

"பின்ன?" என்றாள் பங்கஜம்மா. "சாயங்காலம் ஆனா போதும், கொல்லுனு சிரிப்பு. தெருவுக்கே கேக்கும். அண்ணன் தம்பி, ஓரகத்திங்கோ, அப்டி ஒரு ஒத்துமை. பாவம், அந்த ரேவதி பூட்டதுக்கப்புறம் சிரிப்பே இல்ல. இனிமே உம் பொண்ணு வந்துதான் சிரிக்க வைக்கணும்."

பங்கஜம்மா பொய் சொல்லவில்லை. கேட்டதைத்தான் சொன்னாள். ஒரு பெண்ணைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று ஒரு தாய் கேட்டதற்கு, நான் ஏற்றி வைத்த சத்தம் சாட்சி சொல்லியிருக்கிறது.

எழுந்து போய் உன் பென் டிரைவைச் செருகினேன். சலவைக் கடை வந்தது. நாற்பதில் வைத்தேன். தங்கைக்காரி வாயைத் திறந்தாள், நூறு பேர் சிரித்தார்கள்.

"பங்கஜம்மா, நீங்க கேட்ட சிரிப்பு இதா?"

"அட, இதேதான்!" என்றாள் சட்டென்று. பிறகு டிவியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "மல்லிகா... இது..."

"இது இங்கிலாந்துல எங்கியோ யாரோ சிரிச்சது. எங்க வூட்ல யாரும் சிரிக்கல." நான் அந்த அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னேன். "அவ அடி வாங்கச்சொல்ல தெருவுக்குக் கேக்கக்கூடாதுன்னு நான்தான் ஏத்தி வைப்பேன். இருபத்திமூணு வாட்டி. நோட்டுல புள்ளி வச்சிக்கீறேன், பாருங்க. கடைசிப் புள்ளி அன்னிக்கு அவ தலைய அந்தக் கல்லுல மோதிக் கொன்னான். வழுக்கி வியுந்துட்டான்னு நான் பொய் சொன்னேன். உங்க பொண்ண இங்க குடுக்காதீங்கம்மா."

சிரிப்பு ஓடிக்கொண்டே இருந்தது. அணைக்கத் தோன்றவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் அவனுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. கடப்பாரையோடு வந்தான். முதல் அடி டிவிக்கு. கண்ணாடி சிதறி என் புடவையெல்லாம் விழுந்தது. "அண்ணின்னு வுட்டு வச்சேன் பாரு, என்னச் சொல்லணும்" என்றான். முடியைப் பிடித்து என் நெற்றியை நிலைவாசலில் மோதினான். ஒரு தடவை, இன்னொரு தடவை. கீழே விழுந்ததும் வலது மணிக்கட்டை மிதித்துத் திருகினான். எலும்பு உடைகிற சத்தத்தை நானே கேட்டேன். "நோட்டா வச்சிக்கீற? இந்தக் கைதானே எழுதிச்சி?" நீ இருபத்து மூன்று முறை வாங்கியதில் நான் ஒரு முறை வாங்கினேன். உனக்கு முதல் அடியிலேயே எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. வலி பிறகுதான் வருகிறது. யாராவது வருவார்களா என்பதுதான் முதலில் வருகிறது.

தம்பி பின்னாலேயே வந்த என் வீட்டுக்காரரைத் தரையில் கிடந்தபடி பார்த்தேன். அவர் ஓடிப்போய் வாசற்கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொண்டிருந்தார். "தெரு பாக்குதுடா சேகர், தெரு பாக்குது" என்றார்.

தாமல் அம்மாதான் பாய்ந்தாள். பங்கஜம்மா கொடுத்த தண்ணீர்ச் சொம்பு இன்னும் கையில் இருந்தது. அதாலேயே அவன் காதோடு அடித்தாள். "அடேய்! கைய எடுடா, கட்டையில போறவனே!" அவன் கடப்பாரையை ஓங்கினான். அவள் நகரவில்லை, இன்னொரு முறை அடித்தாள். அதற்குள் பங்கஜம்மா என் வீட்டுக்காரரை நெஞ்சில் கை வைத்துத் தள்ளினாள். "நவுருய்யா அப்பால!" தாழை எடுத்துக் கதவை அகலத் திறந்து, அந்த வயதில் அந்தக் குரல் எங்கிருந்து வந்ததோ, "கொலை பண்றான், ஓடியாங்க!" என்று தெரு முனை வரை கத்தினாள். ஓடி வந்தார்கள், ரேவதி. பெண்ணின் மாமன், அரிசி மில் ஆட்கள், டீக்கடைக்காரர், எல்லோரும் ஓடி வந்தார்கள். கூப்பிட்டால் வருகிறார்கள். அந்த ஐந்து வருஷத்தில் ஒரு நாளாவது கூப்பிட்டிருந்தால் அன்றைக்கும் வந்திருப்பார்கள். இதைத் தெரிந்துகொண்டதைவிடப் பெரிய தண்டனை எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

தாமல் அம்மா எனக்கு நன்றி சொல்லவில்லை. தன் முந்தானையைக் கிழித்து என் நெற்றியைக் கட்டினாள். கட்டிக்கொண்டே, "இத்த அன்னிக்கே சொல்லியிருந்தா அந்தப் பொண்ணும் உயிரோட இருந்திருக்கும் இல்ல?" என்றாள். "ஆமாம்மா" என்றேன்.

ஸ்டேஷனில் பெண் சப்-இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் எழுதினார். நோட்டை வாங்கி உறையில் போட்டார். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அன்னிக்கு வேற மாதிரி சொல்லி கையெழுத்துப் போட்டிருக்கீங்க. மறைச்சதுக்கு உங்க மேலயும் கேஸ் வரலாம். தெரிஞ்சிதான் சொல்றீங்களா?" என்று கேட்டார். தெரிந்துதான் என்றேன். வலது கை கட்டில் இருந்ததால் இடது கைப் பெருவிரலை உருட்டினேன். நீ கையெழுத்துப் போடச் சொல்லிக் கொடுத்த இங்கிலீஷ் எழுத்தெல்லாம் அன்றைக்கு உதவவில்லை.

சேகர் உள்ளே இருக்கிறான். ஜாமீனுக்கு அலைகிறார்கள். என் வீட்டுக்காரர் இரண்டு நாள் சாப்பிடாமல் படுத்திருந்தார். மூன்றாம் நாள் கேட்டார்:

"கேஸ்ல உன் பேரும் வருண்டி. யோசிச்சியா?"

"வரட்டும்."

"எம் பேரும் வருமே."

"வரும். கதவ சாத்தனது யாரு?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கு அவர் மேல் பரிதாபம்கூட வரவில்லை. நான் அவருக்குச் சமைக்கிறேன், இடது கையால். எத்தனை நாள் சமைப்பேன் என்று தெரியவில்லை.

இந்தக் கடிதத்தையும் இடது கையால்தான் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுகிறேன். நம் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி, சாயங்காலமானால் ஒரு பாட்டு ரொம்பச் சத்தமாக ஓடுகிறது. நேற்று போய்க் கதவைத் தட்டினேன். டிவி ரிப்பேர், அத்தொட்டு அப்படி என்று அந்த மருமகள் சொன்னாள். உண்மையாகவே இருக்கலாம். நாளைக்கும் தட்டுவேன்.

உனக்கு ஒரு சத்தியம் செய்து கொடுக்கிறேன். கோர்ட்டுக்குக் கூப்பிடுவதற்கு முன்னால், இந்த வெள்ளிக்கிழமை, நான் காவாந்தண்டலம் போகிறேன். உன் அம்மாவின் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொல்வேன். அவன் செய்ததை மட்டும் சொல்லி நிறுத்த மாட்டேன். அந்த ஏழு நிமிடத்தையும் சொல்வேன், நீ 'அக்கா' என்று கூப்பிட்டது எனக்குக் கேட்டது என்பதையும் சொல்வேன். அவள் கையை ஓங்கினால் தலை குனிந்து வாங்கிக்கொள்வேன். கதவைச் சாத்தினால் வெளியே நின்று சொல்லி முடிப்பேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்க மாட்டேன், அது அவளுக்கு இன்னொரு வேலை கொடுப்பது. இனி எங்கே, யார் கேட்டாலும், என் பேரை விட்டுவிட்டு உன் சாவைச் சொல்ல மாட்டேன். துர்க்கை மேல் ஆணை.

வாய் நிறைய நீ கூப்பிட்ட அந்த உறவை இங்கே எழுத எனக்கு யோக்கியதை இல்லை. தாலி கட்டியதால் வந்த உறவு மட்டும்தான் எனக்கு மிஞ்சியிருக்கிறது.

உன் ஓரகத்தி,
மல்லிகா
உத்திரமேரூர்